சின்னச் சக்கரம், பெரிய மலை

இமயமலைக்குப் புறப்படும் பைக்குகளில் பெரும்பாலோர் கண்டுகொள்ளாத உறுப்பு முன் ஸ்ப்ராக்கெட். விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் சரியானதைத் தேடிப் பிடிப்பதும் முறையாகப் பொருத்துவதும் தனிக் கலை.

மணாலியிலிருந்து லே போகும் நெடுஞ்சாலையில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க் ரொம்பப் பிரசித்தம். அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று எச்சரித்த அதன் அறிவிப்புப் பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாத பைக் பயணிகள் அபூர்வம். பலகையைப் பார்த்ததும் எல்லோரும் கேனில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டார்கள். எஞ்சினின் ஓரத்தில், சேறு படிந்த ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பல்சக்கரத்தைக் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது சந்தேகம். பெட்ரோல் தீர்ந்தால் எதிரே வரும் லாரிக்காரர் கொஞ்சம் கொடுக்கக்கூடும். பல் தேய்ந்து சங்கிலி நழுவினால் கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் ஓடும் 'டூயல் ஸ்போர்ட்' பைக்குகள் இந்தியாவில் பரவலானது அண்மைக்காலத்தில்தான். ஹீரோ மோட்டோகார்ப் 2011இல் 150 சிசி இம்பல்ஸைக் கொண்டுவந்தது. அன்று வாங்க ஆளில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. ராயல் என்ஃபீல்டு 2016இல் 411 சிசி ஹிமாலயனை இறக்கியபோது சந்தை மாறியிருந்தது. 2019இல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. 2023 கடைசியில் 450 சிசி ஹிமாலயன் வந்ததும் பழைய 411க்கு விடைகொடுக்கப்பட்டது. உற்பத்தி நின்றாலும் வண்டிகள் நிற்கவில்லை. ஸ்பிட்டியிலும் லடாக்கிலும் அவை இன்றும் ஏறி இறங்குகின்றன. உதிரி பாக வேட்டை ஆரம்பமாவது இங்கேதான்.

தேய்வதில் முதலிடம்

எஞ்சினின் சக்தியைச் சங்கிலிக்குக் கொடுப்பது முன் ஸ்ப்ராக்கெட். சங்கிலியிலிருந்து வாங்கிச் சக்கரத்தைச் சுழற்றுவது பின் ஸ்ப்ராக்கெட். 411 ஹிமாலயனில் முன்னால் 15 பல், பின்னால் 38. பின் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் முன் ஸ்ப்ராக்கெட் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடுகிறது. அதாவது, முன்னால் இருக்கும் ஒவ்வொரு பல்லும் பின்னால் இருக்கும் பல்லைப்போல இரண்டரை மடங்கு வேலை செய்கிறது. முதலில் தேய்வதும் அதுதான். போதாக்குறைக்கு மண்பாதையின் மணலும் சேறும் சங்கிலி எண்ணெயோடு கலந்து உப்புக்காகிதம் போல உலோகத்தைத் தேய்த்துத் தள்ளுகின்றன.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். மூடியைக் கழற்றிப் பார்த்தால் போதும். புதுப் பல் இரு பக்கமும் ஒரே அளவாகச் சரிந்திருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கமாக வளைந்து, அரிவாள் முனைபோல் நிற்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் பல்லை விட்டு எழும்பி வருகிறதா என்றும் பார்க்கலாம். எழும்பினால் சங்கிலியும் நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

அலட்சியம் செய்தால் நஷ்டம் சங்கிலியோடு முடிவதில்லை. பல்லைத் தாண்டிக் குதிக்கும் சங்கிலி, ஸ்ப்ராக்கெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். அலுமினிய எஞ்சின் கூடு உடையலாம். பின் சக்கரம் சட்டென்று இறுகி நிற்கலாம். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் பாதையில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

கராரியைத் தேடி

வட இந்தியக் கடைகளில் ஸ்ப்ராக்கெட் என்று கேட்பதைவிட 'கராரி' என்று கேட்டால் உடனே புரியும். சங்கிலியோடு சேர்ந்த செட் 'செயின் கராரி'. மலைக்குக் கிளம்பும் பைக் கூட்டம் சாமான்களுக்காகக் குவியும் டெல்லி கரோல் பாக் சந்தையில் கம்பெனிப் பெட்டியில் வந்ததும் கிடைக்கும், பெயரே இல்லாததும் கிடைக்கும். சங்கிலி, ஸ்ப்ராக்கெட் தயாரிப்பில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் 'ரோலான்' நாடு முழுக்கக் கடைகளில் தொங்கும் பெயர்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவதுதான் ஆபத்து. உற்பத்தி நின்றுபோன வண்டி என்றால், 'இதுவும் அதுவும் ஒண்ணுதான்' என்று கடைக்காரர் வேறொரு வண்டியின் ஸ்ப்ராக்கெட்டை நீட்டுவார். சில சமயம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஒரே கம்பெனியின் வெவ்வேறு வண்டிகளில் ஒரே உறுப்பு இருப்பது வழக்கம்தான். ஆனால் அவர் வார்த்தையை நம்பி வாங்குவதைவிட மூன்று விஷயங்களைச் சரிபார்த்து வாங்குவது மேல்.

முதலாவது, சங்கிலியின் அளவு. அதன் பக்கத் தகட்டில் 428, 520, 525 என்று எண் பொறித்திருக்கும். 428 சங்கிலியில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். மற்ற இரண்டிலும் 15.875. இடைவெளி ஒன்றாக இருந்தாலும் 520ஐவிட 525 அகலமானது. ஒன்றுக்கு உரிய ஸ்ப்ராக்கெட் மற்றதற்கு ஆகாது.

இரண்டாவது, நடுத்துளை. அதன் உள்விளிம்பில் இருக்கும் வரிப்பள்ளங்களுக்கு 'ஸ்ப்ளைன்' என்று பெயர். கியர்பாக்ஸ் தண்டின் வரிகளோடு இவை கச்சிதமாகப் பொருந்த வேண்டும். எண்ணிக்கையும் விட்டமும் ஒத்துப்போக வேண்டும். கையால் அசைத்தால் லொடலொடவென்று ஆடும் ஸ்ப்ராக்கெட், நாளடைவில் தண்டின் வரிகளையே தின்றுவிடும். பிறகு தண்டை மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

மூன்றாவது, தடிமனும் மேடும். சில ஸ்ப்ராக்கெட்டுகளில் ஒரு பக்கம் சற்று மேடாக இருக்கும். அது மாறினால் முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. ஆகவே, பழையதைக் கழற்றி கையோடு கடைக்கு எடுத்துப்போய், இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்துப் பார்ப்பதே உத்தமம்.

ஒரு பல் குறைத்தால்

மலைக்குப் போகிறவர்கள் வேண்டுமென்றே ஒரு பல் குறைவான முன் ஸ்ப்ராக்கெட் போடுவதும் உண்டு. இதற்குக் காரணம் காற்று. 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். காற்று குறைந்தால் எஞ்சின் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும், இழுவை விழும். ஃப்யூல் இன்ஜெக்ஷன் கலவையைச் சரிசெய்யுமே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது.

411 ஹிமாலயனில் 15க்குப் பதில் 14 பல் போட்டால் பின் சக்கரத்தின் இழுவிசை சுமார் 7 சதவீதம் கூடும். இரண்டு பேரும் மூட்டையும் ஏறிய வண்டி, கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் திணறுவது குறையும். ஆனால் இலவசமாக எதுவும் வருவதில்லை. முன்பு 100 கி.மீ. வேகம் தந்த அதே எஞ்சின் சுழற்சியில் இனி 93தான். சமவெளி நெடுஞ்சாலையில் எஞ்சின் அதிகம் கத்தும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். சிறிய சக்கரத்தில் சங்கிலி இறுக்கமாக வளைவதால் தேய்மானமும் கூடும். டெல்லியிலிருந்து ஓட்டிப்போகிறவர்கள் இதை யோசித்துச் செய்வது நல்லது.

மாட்டும் முறை

வேலை தெரிந்தவருக்கு ஒரு மணி நேரம் ஆகாது. முதலில் மூடியைத் திறந்து உள்ளே அடையடையாக அப்பியிருக்கும் சேற்றையும் கிரீஸையும் வழித்தெடுக்க வேண்டும். நட்டையோ போல்ட்டுகளையோ தளர்த்துவது அடுத்த வேலை. இதைச் சங்கிலி மாட்டியிருக்கும்போதே, கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கச் செய்ய வேண்டும். சங்கிலியைக் கழற்றிவிட்டால் தண்டு சும்மா சுற்றும். சில வண்டிகளில் ஒரே பெரிய நட்டும், அதை அசையவிடாமல் மடித்துவிட்ட வாஷரும் இருக்கும். மடிப்பை முதலில் நிமிர்த்த வேண்டும். சிலவற்றில் ஒரு தகடும் இரண்டு சின்ன போல்ட்டுகளும்.

பிறகு பின் அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளினால் சங்கிலி தொய்யும். ஸ்ப்ராக்கெட் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவசரப்பட்டுப் புதியதைச் செருகாமல், தண்டைச் சுற்றியிருக்கும் ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. புதியதை மாட்டியதும் வாஷரை மறக்காமல் மடிக்க வேண்டும். நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை வண்டியின் கையேடு சொல்லும். சுத்தியலால் அடித்து இறுக்குவது அந்த அளவுகளில் சேராது.

இந்த வகை பைக்குகளில் அதிகம் பேர் சறுக்குவது சங்கிலியின் தொய்வில். பின் சக்கரம் மேலும் கீழும் நெடுந்தூரம் அசையக்கூடியது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிணைப்பு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் சங்கிலி அதிகபட்சமாக இறுகும். நிறுத்திவைத்த வண்டியில் விறைப்பாக இருக்கும் சங்கிலி, பள்ளத்தில் விழும்போது கியர்பாக்ஸ் பேரிங்கையே பிடித்து இழுக்கும். ஆகவே சாதாரண பைக்கைவிடக் கொஞ்சம் தாராளமாகத் தொய்வு விடவேண்டும்.

கடைசியாக ஒன்று. தேய்ந்த சங்கிலியோடு புது ஸ்ப்ராக்கெட்டை ஜோடி சேர்ப்பது பொய்யான சிக்கனம். நீண்டுபோன சங்கிலி புதுப் பல்லை வேகமாகத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும். சங்கிலி கிட்டத்தட்டப் புதிதாக இருந்தால் மட்டுமே முன் ஸ்ப்ராக்கெட்டைத் தனியாக மாற்றலாம். மற்றபடி மூன்றையும் செட்டாக மாற்றுவதே வழி.

மாட்டிய பின் முதல் நூறு கிலோமீட்டருக்குள் மூடியைத் திறந்து நட்டையும் தொய்வையும் மறுபடி பார்ப்பது கட்டாயம். அந்த நூறு கிலோமீட்டரை மணாலிக்கு இந்தப் பக்கமே ஓட்டி முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.