"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்"

சாப்பாட்டு மணி அடித்தும் அந்தச் சிறுமி பெஞ்சை விட்டு எழவில்லை. டிபன் பாக்ஸையும் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டீச்சர் மெல்லக் கேட்டதும், வேன் ஓட்டும் மாமா செய்ததைச் சொல்லி அழுகிறாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்கிறாள்.

அந்த வாக்கை டீச்சர் கொடுக்க முடியாது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் மருத்துவர், ஆசிரியர் என்று குறிப்பிட்ட தொழில் செய்வோர் மீதே இந்தக் கடமையைச் சுமத்துகின்றன. இந்தியாவில் இது எல்லோருக்கும் உண்டு. தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.

பெரும்பாலும் விஷயம் அமுங்கிப்போவது தலைமை ஆசிரியர் அறையில்தான். "ஸ்கூல் பேரு கெட்டுடும், முதல்ல நாமளே விசாரிப்போம்" என்பார்கள். பட்ட வேதனையை அந்தப் பிஞ்சு நாலு பேர் முன்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். இதைவிடக் கொடுமை வேறில்லை. மேலிடத்தில் சொல்லிவிட்டதால் டீச்சரின் கடமை தீராது. உண்மையா பொய்யா என்று பார்ப்பது போலீஸின் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று சட்டமே சொல்கிறது.

மருத்துவர்களுக்கும் இதே கடமைதான். மகாராஷ்டிரத்தின் ராஜுராவில், பழங்குடி மாணவியர் விடுதியில் நடந்த வன்கொடுமைகள் தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று விடுதி மருத்துவர் மீது வழக்கு. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. சிறார் மீதான பாலியல் தாக்குதல் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. நாள் கடந்தால் உடலில் உள்ள தடயம் அழிந்துவிடும் என்பதை மருத்துவரைவிட யார் அறிவார்?

எப்படித் தெரிவிப்பது என்று தெரியாவிட்டால், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிறுமியிடம் டீச்சர் சொல்லக்கூடியது இதுதான்: "கண்ணு, இதை நான் ஒருத்தங்ககிட்ட சொல்லியே ஆகணும். போலீஸ் யூனிஃபார்ம் போடாம உன் வீட்டுக்கே வந்து பேசுவாங்க. அம்மா பக்கத்துலயே இருக்கலாம். உன் பேரு பேப்பர்லயோ டிவியிலயோ வராது."