அறிகுறியும் குறிப்பானும்: நரம்பிழைப் புரதம் உணர்த்துவது என்ன?

மருத்துவச் செய்திகளைத் தமிழில் தரும்போது 'அறிகுறி', 'குறிப்பான்' ஆகிய இரு சொற்களையும் நாம் ஒரே பொருளில் வழங்கிவிடுகிறோம். கைநடுக்கம், மறதி, நடைத்தளர்ச்சி போன்றவை அறிகுறிகள். நோயாளர் அவற்றை உணர்கிறார், உடனிருப்போர் காண்கின்றனர். குறிப்பானோ உடலிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுவது. அதனை எவரும் உணர்வதில்லை. இவ்வேறுபாட்டை மறந்தால், இரத்த அறிக்கையில் உள்ள ஓர் எண்ணையே நோயின் பெயராகக் கொண்டு அஞ்சத் தொடங்குவோம்.

நரம்பணுப் புரதங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு நரம்பணுவின் இழை, பாதம்வரை ஏறத்தாழ 1 மீட்டர் நீள்கிறது. தலைமுடியினும் மிக நுண்ணிய அவ்விழை உருக்குலையாமல் நிற்க உள்ளே ஒரு சட்டகம் தேவை. அச்சட்டகத்தின் முதன்மைக் கூறு நரம்பிழைப் புரதம். இழை சிதையும்போது, உளுத்த மரத்திலிருந்து தூள் உதிர்வதுபோல், இப்புரதம் வெளியேறி மூளைத் தண்டுவட நீரில் கலக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு இரத்தத்தையும் அடைகிறது.

இரத்தத்தில் இதன் அளவு தண்டுவட நீரில் உள்ளதில் ஏறத்தாழ 40இல் ஒரு பங்கே. ஆதலின் முன்னர் முதுகில் ஊசி செலுத்தி நீரெடுத்தே இதனை அளந்தனர். இன்றைய நுண்கருவிகள் பைக்கோகிராம் அளவையும் காட்டுகின்றன. ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே பைக்கோகிராம். இதனால் கையில் எடுக்கும் சிறிதளவு இரத்தமே இப்போது போதுமானதாகிறது.

ஆயினும் இப்புரதம் உயர்ந்திருப்பது எதனை உணர்த்துகிறது? 'படி' என்னும் சொல்லைத் தனியே எழுதிக் காட்டினால், அது ஏறும் படியா, அளக்கும் படியா, படிக்கச் சொல்லும் ஏவலா என்பது விளங்காது. சூழலே பொருளைத் தெளிவாக்கும். நரம்பிழைப் புரதமும் அத்தகையதே. இயக்க நரம்பணு நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பக்கவாதம், தலைக்காயம், மறதிநோய்கள் சில ஆகிய அனைத்திலும் அது உயர்கிறது. முதுமையிலும் சிறுநீரகத் தளர்ச்சியிலும்கூட உயரும். நரம்பிழை சிதைகிறது என்பதை அது கூறுகிறது. சிதைப்பது எது என்பதைக் கூறுவதில்லை.

அல்ஸைமர் நோயில் அமிலாய்டு, டௌ என்னும் வேறிரு புரதங்கள் அந்நோயை இன்னும் நெருக்கமாகச் சுட்டுகின்றன. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவ்விரண்டின் விகிதத்தை அளக்கும் இரத்தச் சோதனைக்கு ஒப்புதல் அளித்தது. அச்சோதனை அறிகுறிகள் உள்ளவர்களுக்கே உரியது. அதன் முடிவைப் பிற மருத்துவச் சான்றுகளோடு சேர்த்தே கொள்ள வேண்டும். அறிகுறியின் இடத்தைக் குறிப்பான் பறித்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே காண்கிறோம்.

குறிப்பான் முந்திக்கொள்ளும் இடமும் உண்டு. இயக்க நரம்பணு நோயின் ஒரு மரபுவழி வகைக்கான டோஃபர்சென் என்னும் மருந்தை 28 வாரம் ஆய்ந்தபோது, நோயாளரின் செயல்திறனில் ஐயத்துக்கு இடமில்லாத வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அவர்தம் இரத்தத்தில் நரம்பிழைப் புரதம் குறைந்திருந்தது. அக்குறைவு பயன் தரக்கூடும் என்று கருதி, அந்நிர்வாகம் 2023இல் விரைவு ஒப்புதல் வழங்கியது. மேலும் சான்று தர வேண்டும் என்னும் கடப்பாட்டையும் விதித்தது.

வகுப்பறையில் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்திக் கற்பிப்போமாயின், நாளை தம் பெற்றோரின் இரத்த அறிக்கையைக் கையில் ஏந்தும் மாணவர், 'இந்த எண் எந்த நோயைக் குறிக்கிறது?' என்று மருத்துவரைக் கேட்கமாட்டார். 'அம்மாவுக்கு உள்ள அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கையில் இந்த எண்ணின் பொருள் என்ன?' என்று கேட்பார்.