மருந்தடிக்கும் முன் தட்டானைப் பாருங்கள்

மதுரையை அடுத்த வண்டியூர்க் கண்மாய்க் கரையில் வெயில் ஏறும் நேரத்தில் நின்றால், கோரைப் புல் நுனியிலும் தண்ணீர்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளிகளிலும் தட்டான்கள் வந்து அமர்வதைக் காணலாம். தட்டாரப்பூச்சி, தும்பி என்றும் இவற்றை அழைப்பர். வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்து விளையாடாத பிள்ளைகள் நம் கிராமங்களில் குறைவு. விளையாட்டுப் பொருளாகவே இவற்றைப் பார்த்துப் பழகிவிட்டதால், நெல் வயலில் இவை செய்யும் வேலை நம் கண்ணில் படுவதில்லை. தட்டான் பிறந்தது முதல் இறப்பது வரை பிற உயிர்களைப் பிடித்துத் தின்றே வாழ்வது. பயிரை அது ஒருபோதும் கடிப்பதில்லை.

இவற்றில் இரு பிரிவுகள் உண்டு. உடல் தடித்து, அமரும்போது இறக்கைகளை இருபுறமும் விரித்து வைத்திருப்பது தட்டான். உடல் ஊசிபோல் மெலிந்து, பெரும்பாலும் இறக்கைகளை முதுகின்மேல் மடக்கிக்கொண்டு அமர்வது ஊசித்தட்டான். ஊசித்தட்டானின் கண்கள் இரண்டும் தலையின் இரு ஓரங்களில் விலகி நிற்கும்.

கண்மாயிலும் அதை ஒட்டிய வயல்களிலும் நான்கைந்து இனங்களைப் பழகிக்கொண்டாலே போதுமானது. மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருப்பது ஓர் இனத்தின் ஆண். அதன் பெண் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாக இருப்பதால் வேறு இனம் என்று எண்ணிவிடுவோர் பலர். பச்சையும் கறுப்பும் பட்டை பட்டையாக அமைந்த தட்டான் பெரும் முரடு. வண்ணத்துப்பூச்சியை மட்டுமின்றிப் பிற தட்டான்களையும் பிடித்துத் தின்னும். வரப்பின் மண்ணிலேயே அமர்வது சிறிய தரைத் தட்டான். முதிர்ந்த ஆண் நீல நிறமாக இருக்கும். இறக்கையில் ஆரஞ்சு நிறத் திட்டு உடைய தட்டான் சாக்கடை கலந்த நீரையும் தாங்கும். ஒரு கண்மாயில் இந்த ஒரே இனம் மட்டும் மிகுந்து, மற்றவை மறைந்து வருமானால், அந்த நீரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் நெல் விவசாயிக்கு மிக வேண்டியவை இவை எதுவும் அல்ல. தூர்களுக்கு இடையே தாழப் பறக்கும், ஓர் அங்குல நீளம்கூட இல்லாத ஊசித்தட்டான்களே அவை. அக்ரியோக்னெமிஸ் என்பது இவற்றின் விஞ்ஞானப் பெயர். சில இனங்களில் ஆண் முதிர முதிர, மார்பில் மாவு பூசியது போல் வெளுத்துவிடும். பெரிய தட்டான்கள் பயிருக்கு மேலே பறந்து வேட்டையாட, இச்சிறு பூச்சி பயிருக்குள்ளேயே புகுந்து தத்துப்பூச்சிகளையும், இலைச்சுருட்டுப் புழுவின் தாய் அந்துப்பூச்சியையும் பிடிக்கிறது. புகையான் இருப்பதும் அந்த நிழலில்தான். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது. வயலில் இறங்கிக் குனிந்து, பயிரை மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. விடியற்காலையில் பனியில் நனைந்த இறக்கையோடு இவை எளிதில் பறக்கமாட்டா. அதுவே தக்க நேரம். உங்கள் நிழல் பூச்சியின்மேல் விழாதவாறு, பக்கவாட்டில், உட்கார்ந்தபடியே மெல்ல நெருங்குங்கள். ஓடிச் சென்றால் ஒன்றும் கிடைக்காது. பறந்துவிட்டாலும் அதே குச்சியைப் பார்த்தபடி காத்திருங்கள். பல இனங்கள் சிறிது நேரத்தில் அதே இடத்திற்குத் திரும்பும். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து வால் நுனி தெரிய ஒன்று என இரண்டு படங்கள் இருந்தால் பெரும்பாலும் இனத்தைக் கண்டுகொள்ளலாம். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலை வானத்தை நோக்கித் தூக்கித் தலைகீழாக நிற்பதைக் காணலாம். நோய் என்று எண்ண வேண்டாம். உடலில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ள அது செய்யும் உபாயம் அது.

புரட்டாசி, ஐப்பசியில் மஞ்சள் நிறத் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறப்பதையும் படம் எடுக்கலாம். ஆனால் அவை அமர்வது அரிது. மழையைத் தொடர்ந்து நாடு விட்டு நாடு செல்லும் இனம் இது. நன்னீர்க் குளங்களே மிக அரிதான மாலத்தீவில் அக்டோபர் தோறும் இவை வந்து குவிவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இவை இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவிற்குச் செல்கின்றன என்று 2009-இல் எழுதினார். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம் பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். தட்டானின் வாழ்க்கையில் நாம் காணும் பறக்கும் பருவம் பிற்பகுதி மட்டுமே. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு தண்ணீருக்குள் வளர்கிறது. மடித்து வைத்த கை போன்ற கீழுதட்டைச் சட்டென்று நீட்டி, கொசுப்புழு முதல் சிறு தலைப்பிரட்டை வரை பிடித்துத் தின்கிறது. மழைக் குட்டைகளில் வளரும் சில இனங்கள் ஒன்றரை மாதத்திற்குள் வளர்ச்சியை முடிக்கும். மற்றவற்றிற்குக் கூடுதல் காலம் ஆகும். வளர்ந்ததும் இரவிலோ அதிகாலையிலோ நெல் தண்டைப் பற்றி ஏறி, தோலை உரித்துவிட்டுப் பறக்கிறது. தண்டில் ஒட்டிய அந்த வெற்றுத் தோலைத் தேடிப் பாருங்கள். அது இருந்தால், தட்டான் உங்கள் வயலிலேயே பிறந்து வளர்ந்தது என்று பொருள். அதையும் ஒரு படம் எடுங்கள்.

ஆகவே தேங்கிய நீரில் இடும் குருணை மருந்து நேராக இக்குஞ்சுகளைத் தாக்குகிறது. போரேட் குருணைக்கு 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு நம் நாட்டில் தடை வந்துவிட்டது. ஆனால் புதிய மருந்துகள் எல்லாம் சாது என்று எண்ணுவதும் தவறு. ஜப்பானில் அகியாகனே என்னும் சிவப்புத் தட்டான் வயல்வெளிகளில் ஏராளமாக இருந்தது. 1990-களிலிருந்து அது பல பகுதிகளில் வெகுவாகக் குறைந்தது. நாற்றுப் பெட்டிகளில் இட்ட ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளே பெருங்காரணம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

இயற்கை எதிரிகள் அழிந்தால் புகையான்தான் முதலில் பெருகும். இந்தோனேசியாவில் தொடர்ந்து மருந்தடித்தும் புகையான் அடங்காமல் போகவே, 1986-இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் புகையானைத் திரும்பப் பெருகச் செய்பவை. நெல்லில் அவற்றைத் தவிர்க்க வேண்டும். தூருக்கு ஒரு புகையான் என்ற அளவை எட்டினால்தான் மருந்து என்பது பரிந்துரை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இக்கணக்கில் ஊசித்தட்டான் சேரவில்லை. எனினும் குத்துக்களைத் தட்டிப் புகையானை எண்ணும்போதே அதையும் எண்ணிக் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரப் படங்களையும் குறிப்பையும் காட்டினால், வேளாண்மை அலுவலரும் உங்கள் வயலுக்கு ஏற்ற யோசனை சொல்ல முடியும். கடைக்காரர் தரும் புட்டியை மட்டும் நம்பிச் செல்ல வேண்டியதில்லை.

தட்டான் ஒன்றே புகையானை அடக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி, பொறிவண்டு ஆகியவற்றோடு சேர்ந்தே அது பயன் தருகிறது. தேனீயையும் அது சில சமயம் பிடிக்கும்.

புகையான் தென்பட்டால் வயல் நீரை வடிக்கச் சொல்கிறோம். அது சரியான முறையே. ஆனால் தட்டான் குஞ்சுகள் அதில் காய்ந்து மடியும். எனவே வாய்மடையை ஒட்டி ஒரு மூலையில், முழங்கால் ஆழத்தில், இரண்டு சதுர அடிக்குக் குறையாத குழி ஒன்றை நடவின்போதே எடுத்து வையுங்கள். நீர் வடியும்போது குஞ்சுகளில் ஒரு பகுதியாவது அதில் தங்கும். அக்குழியின் ஓரத்தில் இரண்டு மூன்று குச்சிகளையும் நட்டுவிட்டால், தட்டான் அமரவும் நீங்கள் படம் எடுக்கவும் வசதியாக இருக்கும்.