யாழ்ப்பாணம் போக எது மலிவு? கப்பலா, விமானமா?

சென்னை எழும்பூர் ஸ்டேஷனில் ஒரு டிக்கெட் வாங்குவார்கள். அந்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு போய் இறங்குவார்கள்!

நடுவில் கடல் இருக்கிறதே என்று கேட்கிறீர்களா? கடலுக்கும் சேர்த்துத்தான் அந்த டிக்கெட். அதற்குப் பெயர் "போட் மெயில்".

1914-ம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு ரெயில் தனுஷ்கோடி வரை போயிற்று. அங்கே கப்பல் காத்து நிற்கும். 22 மைல் கடலைத் தாண்டினால் தலைமன்னார். இறங்கியதும் கொழும்பு ரெயில் தயாராக நிற்கும்.

அந்த நாளில் விழுப்புரத்தில் இருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகிற குறுக்குப் பாதை கிடையாது. ஆகவே, இலங்கைக்குப் போகிற பயணிகளின் ரெயில் கடலூர், சிதம்பரம் ஸ்டேஷன்களைத் தொட்டுக்கொண்டுதான் போயிற்று.

ஊருக்கு ஊர் உறவு

சிதம்பரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டது அல்ல. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-ம் ஆண்டு சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் வைத்தார். இலங்கையில் பிறந்த விபுலானந்த அடிகள் 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். ஆருத்ரா தரிசனத்துக்கு அங்கிருந்து இன்றும் பக்தர்கள் வருகிறார்கள்.

இந்தப் போக்குவரத்துக்கு 1964-ல் பெரிய அடி விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பனில் இருந்து வந்த பயணிகள் ரெயிலைக் கடல் விழுங்கியது.

ஆனாலும் கப்பல் நிற்கவில்லை. ராமேசுவரத்தில் இருந்து தலைமன்னாருக்கு ஓடியது. அதே 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்குக் கொண்டு வந்ததும் அந்தக் கப்பல்தான். ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தக் கரை, தம்பி அந்தக் கரை என்று பிரிந்தவர்கள் எத்தனையோ பேர்! 1980-களில் இலங்கையில் இனப்போர் மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றது. அதோடு, ஏழைகள் அக்கரைக்குப் போகிற வழி அடைபட்டது.

2011-ல் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு ஒரு பெரிய கப்பல் விட்டார்கள். சில மாதங்களுக்கு மேல் நிலைக்கவில்லை.

இப்போது என்ன வழி?

2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது. வரியோடு கட்டணம் 7,670 ரூபாய். தொடக்கச் சலுகை கொடுத்தும், மழைக்காலம் வந்ததால் சில நாட்களில் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் "சிவகங்கை" என்ற கப்பல் வந்தது. சுமார் 150 பேர் போகலாம். ஏறக்குறைய 4 மணி நேரப் பிரயாணம். 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடத் தொடங்கியபோது, போக வரச் சேர்த்து 8,500 ரூபாய் என்று வைத்தார்கள்.

விமானமும் உண்டு. சென்னையில் இருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு 2019-ல் தொடங்கியது. 2025 மார்ச்சில் திருச்சியில் இருந்தும் விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்பின்னாகப் போய்விடலாம்.

கணக்குப் போடுங்கள்

சிதம்பரத்தில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, வயதான தாயார், கல்லூரி போகும் மகள். நாலு பேர். அந்த 8,500 ரூபாய்க் கணக்கில் கப்பலுக்கு 34,000 ரூபாய். சிதம்பரத்தில் இருந்து நாகை சுமார் 80 கி.மீ. தான். பஸ் செலவு பெரிதல்ல. சென்னை விமான நிலையத்துக்கோ, திருச்சிக்கோ போவது என்றால் அதைப்போல இரண்டு மடங்கும் மேலும் தூரம்.

விமானக் கட்டணத்துக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு மாதம் முன்பே வாங்கினால் ஒரு விலை. நாளைக்குச் சாவு வீட்டுக்குப் போக வேண்டும் என்று இன்று வாங்கினால் வேறு விலை! கல்யாணம் போல முன்கூட்டியே தெரிந்த காரியத்துக்கு விமானம் சில சமயம் கப்பலோடு போட்டி போடும். அவசரத்துக்கு வாங்கினால் கையைக் கடிக்கும்.

அடுத்தது சாமான். உறவுக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு யார் போவார்கள்? புடவை, பாத்திரம், பலகாரம் என்று மூட்டை சேர்ந்துவிடும். விமானத்தில் அதிகப்படி ஒவ்வொரு கிலோவுக்கும் பணம். கப்பலில் எத்தனை கிலோ இலவசம், அதற்கு மேல் என்ன கட்டணம் என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கப்பலிலும் ஒரு தொல்லை இருக்கிறது. கடல் கொந்தளித்தால் புறப்படாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள் கணக்காக நிற்கும். நாகையில் விடுதி எடுத்து இரண்டு நாள் காத்திருந்தால், மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். வாரத்தில் எந்த நாள் ஓடும் என்பதையும் விசாரித்துவிட்டே வீட்டைப் பூட்டுங்கள்.

போகிற இடம் யாழ்ப்பாணமா, கொழும்பா என்பதும் முக்கியம். யாழ்ப்பாணம் என்றால் கவலை இல்லை. காங்கேசன்துறையும் பலாலியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அங்கிருந்து பஸ் பிடித்தால் போதும். ஆனால், கொழும்புக்கோ கண்டிக்கோ போகிறவர்கள் கப்பல் மலிவு என்று ஏறினால், இறங்கிய பிறகு கொழும்புக்கு மட்டும் 400 கி.மீ. அளவுக்கு ரெயிலில் போக வேண்டும். அவர்கள் நேராகக் கொழும்புக்கே விமானம் ஏறுவது நல்லது என்பது என் கட்சி.

எதில் போனாலும் பாஸ்போர்ட் வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டின் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். இலங்கையின் நுழைவு அனுமதியும் வேண்டும். அதன் விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வழி திறக்குமா?

நாகை வழி நீளமான கடல் வழி. ஏறக்குறைய 110 கி.மீ. பழைய தலைமன்னார் வழியோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். எரிபொருள் குறைந்தால் கட்டணமும் குறைய இடம் உண்டு.

ராமேசுவரம்-தலைமன்னார் கப்பலை மறுபடி விட முயற்சி செய்வதாக இரு நாட்டு அரசுகளும் 2024 டிசம்பரில் கூட்டாகச் சொல்லின. தலைமன்னாருக்கு ரெயில் 2015-லேயே மீண்டும் வந்துவிட்டது. இந்தப் பக்கம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்தாகிவிட்டது. இரண்டு கரையிலும் தண்டவாளம் தயார். நடுவில் கப்பல்தான் இன்னும் வர வேண்டும்.