வேலைக்குத் திரும்பினால் தாய்ப்பால் நின்றுவிடுமா?

பேறுகால விடுப்பு முடிந்து முதல் நாள் ஆபீஸ். காலை 7.30 மணிக்கு குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து ஓ.எம்.ஆர். வந்து சேர்ந்தாயிற்று. 11 மணி வாக்கில் மார்பு கனக்க ஆரம்பிக்கிறது. மீட்டிங் முடிவதற்குள் துணி நனைந்துவிடுகிறது. ரெஸ்ட்ரூமுக்கு ஓடி, கதவைத் தாழிட்டு, வலி குறையும் அளவுக்குப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுத் திரும்பவும் சீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

வீட்டில் அதே நேரத்தில் பாட்டி போன் செய்கிறார்: “புள்ள அழுதுக்கிட்டே இருக்கு, என்ன கொடுக்கட்டும்?”

இப்படியே மூன்று, நான்கு வாரம் ஓடினால் பல வீடுகளில் வரும் முடிவு ஒன்றுதான்: “பால் வத்திப் போச்சு. பவுடர் பால் வாங்கிடலாம்.”

உண்மையில் வேலைக்குப் போவதால் மட்டும் பால் வற்றுவதில்லை. பகல் முழுக்கப் பால் வெளியே எடுக்கப்படாமல் இருப்பதால்தான் குறைகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால், மீதி எல்லாம் திட்டமிடுகிற வேலைதான்.

விடுப்புக் கணக்கு எங்கே இடிக்கிறது?

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவோடு 2 வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இந்தியாவில் 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. 26 வாரம் என்பது 182 நாள். கிட்டத்தட்ட சரியாக 6 மாதம்!

ஆனால் இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவருக்குக் குழந்தை பிறந்த பிறகு மிஞ்சுவது 18 வாரம்தான். அதாவது 4 மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் மொத்த விடுப்பே 12 வாரம்.

தமிழக அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு கிடைக்கிறது. தனியார் நிறுவன ஊழியருக்கு அந்த வசதி இல்லை. வீட்டு வேலை, கட்டட வேலை பார்க்கும் பெண்களுக்கோ சம்பளத்துடன் விடுப்பு என்பதே பெரும்பாலும் கிடையாது.

பால் சுரப்பு எப்படி வேலை செய்கிறது?

குழந்தை சப்பும்போது இரண்டு ஹார்மோன்கள் தூண்டப்படுகின்றன. பாலை உற்பத்தி செய்ய வைப்பது புரோலாக்டின். உற்பத்தியான பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின்.

எவ்வளவு பால் வெளியேறுகிறதோ, அதற்கேற்பதான் அடுத்த உற்பத்தி. மார்பிலேயே பால் தேங்கிக் கிடந்தால், “இவ்வளவு தேவையில்லை போல” என்று உடம்பு புரிந்துகொண்டு சுரப்பைக் குறைக்கிறது. பகலில் பத்துப் பதினொரு மணி நேரம் பால் எடுக்காமலேயே விட்டால் நடப்பது இதுதான்.

குழந்தை பக்கத்தில் இல்லாதபோது, குழந்தை குடிக்கும் நேரத்துக்குக் கையாலோ பம்பாலோ பாலை எடுத்துவிட்டால் சுரப்பு தொடரும். பதற்றமும் வலியும் ஆக்சிடோசினைத் தடுக்கும். அதனால்தான் ரெஸ்ட்ரூமில் அவசர அவசரமாகப் பீய்ச்சும்போது பால் சரியாக வருவதில்லை. குழந்தையின் போட்டோவையோ வீடியோவையோ பார்த்துக்கொண்டே எடுப்பது பலருக்கு உதவுகிறது.

எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

ஃப்ரீசர் நிறைய பால் பாக்கெட் அடுக்கி வைத்திருக்கும் ரீல்ஸைப் பார்த்து பயப்பட வேண்டாம். அவ்வளவு தேவையே இல்லை.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் 1 முதல் 6 மாதக் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மி.லி. அளவுக்குக் குடிக்கிறது. அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 மி.லி. காலை 7.30-க்குக் கிளம்பி மாலை 6.30-க்கு வீடு திரும்பும் அம்மா 11 மணி நேரம் வெளியே இருக்கிறார். ஆக 330 முதல் 350 மி.லி. வரை தேவைப்படும். தலா 90 முதல் 120 மி.லி. என்று மூன்று, நான்கு வேளைக்குப் பிரித்துக் கொள்ளலாம். குழந்தைக்குக் குழந்தை இது கொஞ்சம் கூடும், குறையும்.

முதல் நாளைக்குத் தேவையான பாலும், கூடவே இரண்டு நாள் கையிருப்பும் இருந்தால் போதும். அதன்பிறகு இன்று ஆபீஸில் எடுப்பது நாளைக்கு. வெள்ளிக்கிழமை எடுப்பது திங்கள்கிழமைக்கு.

வேலையில் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. காலையில் குழந்தை குடித்து முடித்ததும் ஒருமுறை எடுத்துப் பழகலாம். ஆரம்பத்தில் 20, 30 மி.லி. மட்டும் வந்தால் அதைப் பால் பற்றாக்குறை என்று நினைக்க வேண்டியதில்லை. குழந்தை குடித்தது போக மீதம்தானே அது!

ஆபீஸில் எப்படி எடுப்பது?

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். காலை 10.30, மதியம் 1.30, மாலை 4.30 என மூன்று தடவை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் எலெக்ட்ரிக் பம்ப் என்றால் ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 நிமிடம் ஆகும்.

பம்ப் இல்லாவிட்டாலும் வழி உண்டு. கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, மார்பை மெதுவாகத் தடவிவிட வேண்டும். காம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, கருவட்டத்தின் மேலும் கீழும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விட வேண்டும். காம்பை இழுக்கவோ, தோலைத் தேய்க்கவோ கூடாது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்க 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும்.

நம்ம ஊர் வெயிலில் பால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

பம்ப் பெட்டியிலும் இணையத்திலும் போட்டிருக்கும் கணக்கை அப்படியே நம்பினால் இங்கேதான் சறுக்கும். எடுத்த பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரை உள்ள அறைக்குத்தான். மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறைக்கு இது பொருந்தாது. எடுத்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவதே பாதுகாப்பு.

• ஃப்ரிட்ஜில்: 4 நாள் வரை. கதவுப் பக்கம் வேண்டாம். உள்ளே பின்புறமாக வைக்கவும்.

• ஃப்ரீசரில்: 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது.

• உறைந்த ஐஸ் பேக் வைத்த கூலர் பையில்: 24 மணி நேரம் வரை. பஸ், ரயில் பயணத்துக்கு இது போதும்.

• ஃப்ரீசரிலிருந்து எடுத்து முழுதும் உருகிய பால்: ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம். திரும்ப உறைய வைக்கக் கூடாது.

• குழந்தை குடித்து மீதி வைத்த பால்: 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும்.

டப்பாவின் மேல் தேதியும் நேரமும் எழுதி, பழையதை முதலில் எடுக்க வேண்டும். பாலை அடுப்பில் காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவிலும் வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை வைத்தாலே போதும். மேலே ஆடை மாதிரி மிதப்பது கொழுப்புதான். பால் கெட்டுப் போகவில்லை. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

வீட்டில் யார், எப்படிக் கொடுப்பது?

அம்மா பக்கத்தில் இருக்கும்போது குழந்தை வேறு எதிலும் குடிக்க மறுப்பது இயல்பு. அதனால் பழக்கப்படுத்தும்போது பாட்டியோ அப்பாவோ கொடுக்கட்டும். அம்மா வேறு அறையில் இருக்கலாம். பசியில் வீறிட்டு அழும்வரை காத்திருக்காமல், லேசாகப் பசிக்கும் நேரத்திலேயே முயற்சி செய்ய வேண்டும்.

பாட்டில்தான் வேண்டும் என்றில்லை. நம் வீடுகளில் காலம் காலமாக இருக்கும் சங்கு, பாலாடை, சின்ன டம்ளர் எல்லாமே நல்ல தேர்வு. கழுவுவதும் சுலபம். குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, பாலை உதட்டில் படும்படி வைத்தால் குழந்தையே உறிஞ்சிக்கொள்ளும். தொண்டைக்குள் ஊற்றக் கூடாது.

பாட்டிமார்களிடம் அன்பாக, ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 6 மாதம் முடியும்வரை தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், பசும்பால் எதுவும் வேண்டாம். “வெயிலு இப்படி அடிக்குது, நாக்கு வறண்டு போயிடும்” என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். கோடையிலும் அதுவே போதும்.

இன்னொன்று: பகலில் குறைவாகக் குடித்துவிட்டு, ராத்திரி அம்மா வந்ததும் விடாமல் குடிக்கும் குழந்தைகள் உண்டு. தூக்கம் கெடும் என்பது உண்மை. ஆனால் இரவில் புரோலாக்டின் அதிகமாகச் சுரப்பதால், பால் குறையாமல் இருக்க இது உதவுகிறது. பகல் நேர வீட்டு வேலையையும் சமையலையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டால்தான் இது சாத்தியம்.

சட்டம் என்ன தருகிறது?

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் தவிர, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தர வேண்டும் என்கிறது மகப்பேறு நலச் சட்டம். 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருந்தால் குழந்தைக் காப்பக வசதி கட்டாயம். அங்கே தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய் வரலாம். வேலையின் தன்மை அனுமதித்தால், விடுப்பு முடிந்த பிறகும் நிறுவனத்துடன் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் இருக்கின்றன.

இரண்டு இடைவேளை, கூடவே மதிய உணவு நேரம். கூட்டிப் பார்த்தால் பால் எடுக்கத் தேவையான மூன்று தடவை கிடைத்துவிடுகிறது!

ஆனால் சட்டத்தில் இருப்பது குழந்தைக்குப் பாலூட்டுவதற்கான இடைவேளை. பால் எடுக்கத் தனி அறை, ஃப்ரிட்ஜ் என்று அதில் எழுதப்படவில்லை. குழந்தை வீட்டில் இருக்கும்போது இந்த இடைவேளையைப் பால் எடுக்கப் பயன்படுத்திக்கொள்வதாக ஹெச்.ஆரிடம் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. பூட்டக்கூடிய ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், கை கழுவ இடம், ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு. ஒரு நிறுவனத்துக்கு இது பெரிய செலவே இல்லை.

அப்படியும் பால் குறைந்துவிட்டால்?

வார இறுதியில் குழந்தை கேட்கும்போதெல்லாம் நேரடியாகக் கொடுப்பதும், ஒருமுறை கூடுதலாக எடுப்பதும் சுரப்பைத் தூண்டும். குழந்தை போதுமான அளவு சிறுநீர் கழித்து, எடை சீராக ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். மார்பில் கட்டி, சிவப்பு, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

எடுத்துவைத்த பால் பற்றாமல் டாக்டர் ஆலோசனையோடு ஒரு வேளை ஃபார்முலா கொடுக்க வேண்டி வந்தால், அது தோல்வி அல்ல. மீதி வேளைகளில் கிடைக்கும் தாய்ப்பாலின் பலன் குழந்தைக்குத் தொடரும். டப்பாவில் சொன்ன அளவில் கரைக்க வேண்டும், சிக்கனம் பார்த்து நீர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

6 மாதம் தாண்டிய குழந்தை என்றால் இன்னும் சுலபம். பகலில் கஞ்சி, மசித்த இட்லி, பருப்பு சாதம் என்று இணை உணவு சேர்ந்துவிடும். நாளாக ஆக ஆபீஸில் பால் எடுக்கும் தடவையையும் மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.

வேலையில் சேர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதா? இன்றைக்கே செய்ய வேண்டியது இரண்டு. பாலாடையைப் பாட்டி கையிலோ அப்பா கையிலோ கொடுப்பது. அந்த மூன்று இடைவேளையையும் ஓர் அறையையும் கேட்டு மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் ஒரு மெயில் அனுப்புவது.