அற்பமல்லாத சிறு சங்கடங்கள்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கென வெளிவரும் படநூல்களில், அரசனும் அரக்கனும் இல்லாமல், அன்றாட வாழ்வில் ஒரு பிள்ளைக்கு நேரும் சங்கடத்தையே கதையாகக் கொண்ட வகை ஒன்று உண்டு. புதுப் பொருளைப் பயன்படுத்த நாள் பார்த்திருப்பதும், தங்கை பிறந்ததும் தன் இடம் பறிபோனதாக எண்ணுவதும், தின்பண்டத்தைப் பகிர்வதா ஒளிப்பதா எனத் தயங்குவதும் அதன் கருப்பொருள்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீட்டுக்குப் பால்கோவா வாங்கிவர அனுப்பப்பட்ட பிள்ளை, வழியில் பொட்டலத்தைப் பிரித்து ஒரு விள்ளல் எடுக்கலாமா என்று தடுமாறுவதும் 16 பக்கக் கதைக்குப் போதுமானதே.

தமிழின் 247 எழுத்துகளில் பெரும்பகுதி உயிர்மெய் என்பதால், கொம்பையும் காலையும் கவனித்து ஒரு சொல்லை ஒலித்து முடிப்பதற்குள் குழந்தையின் கவனம் பெரிதும் செலவாகி, வரியின் முடிவை எட்டும்போது தொடக்கம் மறந்துபோகிறது. கதைச் சூழல் பழகியதாக இருந்தால், எழுத்துக்காக உழைத்த பிள்ளை பொருளுக்காக மீண்டும் உழைக்க வேண்டியதில்லை.

பெங்களூரில் 2004இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் வெளியிட்ட, கிரண் கஸ்தூரியா எழுதிய சிவப்பு மழைக்கோட்டுக் கதை இதற்குத் தக்க சான்று. மனு என்னும் சிறுவனுக்குப் புது மழைக்கோட்டு கிடைக்கிறது. அதை அணிந்துகொள்ள மழை வேண்டும், மழையோ வருவதாக இல்லை. நாள்தோறும் ஒரே கேள்வியை அவன் கேட்பதால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து படிப்பவர் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. கிழமைகளின் பெயர்களும் போகிற போக்கில் மனத்தில் பதிகின்றன. கடைசியில் மழை கொட்டும்போது அவன் மழைக்கோட்டை மறந்துவிட்டு வெளியே ஓடுகிறான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருந்தும் பெருமழைக்கு ஐப்பசிவரை காத்திருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இக்கதையை யாரும் விளக்கவேண்டியதில்லை.

பொறுமையின் பெருமை பற்றி அந்நூல் எதுவும் சொல்வதில்லை என்பது கவனத்துக்குரியது. கதை முடிந்ததும் அடியில் நீதி அச்சிடும் நம் பழக்கம், பிள்ளை தானாக எண்ணத் தொடங்கும் கணத்திலேயே விடையைக் கையில் திணித்துவிடுகிறது. அமெரிக்க ஓவியரும் எழுத்தாளருமான எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1967இல் வெளியிட்ட பீட்டரின் நாற்காலி பற்றிய நூலில், தன் பழைய பொருள்கள் தங்கைக்காக இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்படுவதைக் கண்டு மனம் புழுங்கும் சிறுவன், மிஞ்சிய குட்டி நாற்காலியோடு வீட்டைவிட்டு வெளியேறி, அதில் உட்கார முயன்று, தான் அதற்குள் அடங்காத அளவு வளர்ந்துவிட்டதை அறிகிறான். விட்டுக்கொடு என்று அறிவுரை சொல்லித் திருத்த இயலாத மனத்தை நாற்காலியின் அளவு மாற்றிவிடுகிறது. படமும் எழுத்தும் சேர்ந்து செய்யும் வேலை இதுதான்.

தமிழில் இவ்வகை நூலுக்குத் தனி இடையூறு ஒன்று உண்டு. வீட்டில் ‘வந்துட்டான்’ எனப் பேசும் பிள்ளை நூலில் ‘வந்துவிட்டான்’ என்பதைக் காண்கிறது. கதை எவ்வளவு பழகியதாயினும் மொழி சற்று விலகி நிற்கிறது. உரையாடலைப் பேச்சிலும் எஞ்சியதை எழுத்து வழக்கிலும் அமைப்பது ஏற்கத்தக்க வழியாகத் தோன்றினும், ஆசிரியர்கள் சிலர் இதைப் பிழையென்றே கருதுவர்.

மற்றோர் இடையூறு செலவு. நான்கு வண்ண ஆஃப்செட் அச்சில் வண்ணத்துக்கு ஒரு தகடு செய்தாக வேண்டும். 500 படிகளுக்கும் 10,000 படிகளுக்கும் தகட்டுச் செலவு ஒன்றே என்பதால், குறைந்த படிகள் அச்சிட்டால் விலை ஏறுகிறது. சென்னையின் தூலிகா போல ஒரே நூலைப் பல மொழிகளில் வெளியிடும் பதிப்பகங்களுக்கு, படங்களை அப்படியே வைத்து எழுத்துக்குரிய கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றும் வழி உதவுகிறது. ஆனால், ஆங்கிலத்துக்கென விடப்பட்ட சிறு இடத்தில் நீண்ட தமிழ்ச் சொற்களை நெருக்கியடிக்க நேர்கிறது. நாட்டின் பெரிய அச்சு மையங்களுள் ஒன்றான சிவகாசி அருகிலேயே இருந்தும், 1875இல் நிறுவப்பட்ட பென்னிங்டன் நூலகத்தைத் தன் பெருமையாகக் கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூரில் பல பிள்ளைகளின் கையில் பாடநூல் மட்டுமே இருக்கக்கூடும் என்பது வியப்புக்குரியதன்று.

இந்நிலையை மாற்றும் முயற்சிகளுள், தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைப்படுத்தியது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலோ, திறந்த உரிமத்தின்கீழ், எழுத்தாளர், ஓவியர் பெயர்களைக் குறிப்பிட்டு எவரும் கதையை இறக்கி, தம் ஊர்த் தமிழில் மாற்றியெழுதி, அச்சிட்டுக்கொள்ளலாம்.