எந்தக் கோழியைக் கழிப்பது?

வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பது மிக எளிய காரியம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். மாலையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூட வேண்டும், காலையில் திறந்துவிட்டு ஒரு கை குருணையை இறைக்க வேண்டும், அவ்வளவுதானே! ஆனால் நான்கு கோழிகள் இருபதாகப் பெருகும்போது தொல்லை தொடங்குகிறது. இரை போதவில்லை, முட்டை குறைகிறது, சேவல்கள் ஓயாமல் சண்டையிடுகின்றன. சிலவற்றைக் கழித்தாக வேண்டும். எவற்றை? பெரும்பாலான வீடுகளில் கைக்கு அகப்பட்டது சந்தைக்குப் போகிறது. அளந்து பார்த்து இக்கேள்விக்கு விடை சொல்ல முடியாதா? முடியும். அதற்கு வேண்டிய கருவிகள் உங்கள் கண்களும் விரல்களுமே.

பத்து வாட் அடுப்பு

முதலில், ஏன் கழிக்க வேண்டும் என்பதைக் காண்போம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு கோழி, உயிர் வாழவும் நடமாடவும் நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறது. ஒரு கிலோகலோரி என்பது ஏறத்தாழ 4,200 ஜூல். ஆகவே இது 8,40,000 ஜூல் ஆகும். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். வகுத்துப் பாருங்கள்; ஏறக்குறைய 10 வாட் வருகிறது! கோழி என்பது இரவும் பகலும் அணையாமல் எரியும் ஒரு பத்து வாட் அடுப்பு.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. ஒரு நாட்டுக்கோழி முட்டையில் உள்ள ஆற்றல் சுமார் 60 கிலோகலோரிதான். அதை உருவாக்க ஆகும் செலவையும் சேர்த்தாலும், முட்டையின் பங்கு அடுப்பின் பங்கில் பாதிக்கும் குறைவே. அதாவது, முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கோழியும் முட்டையிடும் கோழி தின்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுகொண்டே இருக்கும். தானியக் கணக்கில் இது ஆண்டுக்கு 20 கிலோவுக்கு மேல். அதில் ஒரு பகுதியைக் கோழி தானே குப்பையைக் கிளறித் தேடிக்கொள்ளும் என்பது மெய்தான். ஆனால் கோழிகள் பெருகுகின்றன என்பதற்காகக் கொல்லையில் புழுவும் பூச்சியும் பெருகுவதில்லை. ஒன்று கூடுதலாகத் தின்றால் மற்றொன்றுக்குக் குறைகிறது.

இரண்டாவது, பத்துக் கோழிகளை ஒரு சிறு கூண்டில் அடைத்தால், உள்ளே 100 வாட் அடுப்பு எரிகிறது என்று பொருள். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. அலகைத் திறந்து இளைத்து, மூச்சுப் பாதையிலிருந்து நீரை ஆவியாக்கியே அது உடலைக் குளிர்விக்கிறது. காற்றோட்டமில்லாத கூண்டில் ஈரப்பதம் ஏற ஏற ஆவியாதல் மந்தமாகிறது. சித்திரை வெயிலில் நெருக்கமாக அடைத்த கோழிகள் செத்து விழுவது இதனால்தான்.

சேவல் கணக்கு

மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் நிறப்புரி தீர்மானிக்கிறது. கோழியில் அது தாயின் கையில்! எப்படியானாலும் விளைவு ஒன்றே: பத்துக் குஞ்சுகள் பொரித்தால் சராசரியாக ஐந்து சேவலாக இருக்கும். பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் போதும். எஞ்சியவை வளர்ந்ததும் ஒன்றையொன்று கொத்தும்; பெட்டைகளையும் துரத்தி முதுகு இறகைப் பிய்க்கும். எனவே கழித்தலின் முதல் பட்டியலில் உபரிச் சேவல்கள் இருப்பது தவிர்க்க முடியாதது. திடமான, நோயற்ற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை உரிய எடை வந்ததும் கழித்துவிடலாம்.

உடம்பே நாட்குறிப்பு

பெட்டைகளில்தான் சிக்கல். முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து, பருத்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். முட்டையிடாததன் கொண்டை சுருங்கி வெளுத்திருக்கும். அடுத்து, எச்சத் துவாரத்தின் இருபக்கமும் இரண்டு மெல்லிய இடுப்பெலும்புகளின் நுனிகள் விரலுக்குத் தட்டுப்படும். அவற்றினிடையே இரண்டு விரல் நுழைந்தால் அது முட்டையிடுகிறது. ஒரு விரல்கூட நுழையாவிட்டால் இடவில்லை. முட்டை வெளிவர வழி வேண்டுமல்லவா?

மஞ்சள் கால் கோழிகளில் இன்னொரு குறிப்பு உண்டு. மக்காச்சோளத்திலும் கீரையிலும் உள்ள சாந்தோபில் என்ற மஞ்சள் நிறப்பொருள்தான் கால், அலகு, தோல் ஆகியவற்றுக்கு நிறம் தருகிறது. முட்டையிடத் தொடங்கியதும் அது மஞ்சள் கருவுக்குத் திருப்பிவிடப்படுகிறது. உடம்பு வெளுக்கிறது: முதலில் எச்சத் துவாரம், பிறகு கண்ணோரம், பிறகு அலகு, கடைசியில் பல வாரங்கள் சென்று கால்கள். முட்டை நின்றால் அதே வரிசையில் நிறம் திரும்புகிறது. ஆகவே பளபளக்கும் இறகும் மஞ்சள் காலுமாக எல்லோரும் புகழும் அழகிய கோழி சும்மா தின்கிறது. இறகு நைந்து கால் வெளுத்த கோழியே உழைக்கிறது! கருங்கால் கோழிகளுக்கு இக்குறிப்பு பயன்படாது. அவற்றுக்கு விரல் அளவே துணை.

அவசரம் வேண்டாம்

முட்டையிடாத கோழியெல்லாம் கழிக்க வேண்டியதன்று. அடையில் அமர்ந்தது 21 நாளும், பிறகு குஞ்சுகளுடன் திரியும் பல வாரங்களும் முட்டையிடாது. இறகு உதிர்க்கும் காலத்திலும் ஓய்வு உண்டு. கோழியின் முட்டைப்பையைத் தூண்டுவது பகல் வெளிச்சம். மார்கழியில் சென்னையில் பகல் பதினொன்றரை மணிக்கும் குறைவு என்பதால் அப்போது முட்டை குறைவது இயல்பு. ஒரே நாளில் தீர்ப்புக் கூறாமல், மூன்று நான்கு வார இடைவெளியில் இருமுறை சோதியுங்கள்.

நோயுற்ற கோழியின் கதை வேறு. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிகெட் நோய் கொல்லையையே காலியாக்கிவிடும். கழுத்துத் திருகி, பசுமையும் வெண்மையுமாகக் கழியும் கோழியை உடனே தனியே பிரித்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அதைச் சந்தையில் விற்பது நோயை ஊர் முழுதும் விற்பதாகும். இறந்தால் ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். தடுப்பு மருந்தை முன்னதாகவே கொடுத்துவிடுவதே அறிவுடைமை.

கழிக்கும் கோழியையும் வதைக்கலாகாது. கால்களைக் கட்டி, சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். பறவைகளுக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. தலைகீழானால் குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அழுத்த, மூச்சு முட்டுகிறது. தேவையற்ற துன்பம் தரும்படி விலங்கைக் கொண்டுசெல்வது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். காற்றுப் புகும் கூடையில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுசெல்லுங்கள்.

“பாட்டி பெயரிட்டு வளர்த்த கிழக்கோழியை என்ன செய்வது?” என்று நீங்கள் கேட்கலாம். அன்புக்காக ஒன்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதன் இரைக்கும் இடத்துக்கும் விலை உண்டு என்பதை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். எதையும் கழிக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். அம்முடிவின் துன்பத்தை அரைவயிறும் புழுக்கமுமாக எல்லாக் கோழிகளும் சுமக்கின்றன.

இந்த விடுமுறையில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு கோழியின் காலிலும் வெவ்வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். கொண்டை, இடுப்பெலும்பு இடைவெளி, கால் நிறம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, எது முட்டையிடுகிறது, எது இடவில்லை என்று முன்கூட்டியே எழுதுங்கள். பிறகு இரண்டு வாரம், எந்த நிற நூல் முட்டைக் கூடையில் ஏறுகிறது என்று கவனியுங்கள். உங்கள் கணிப்பு எத்தனைக்குச் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகே வீட்டாரிடம் யோசனை கூறுங்கள். ஓர் உயிரைப் பற்றிய முடிவுக்கு அவ்வளவு சான்றாவது வேண்டும்.